சாரல் காற்றில் கார் துள்ளுவது ஏன்? இன்ஜினுக்குள் நடக்கும் 14.7 கணக்கு!

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், குற்றாலம் சாலையில் கார்களுக்குப் பஞ்சமில்லை. திருநெல்வேலி வெயிலில் மந்தமாக வந்த கார், தென்காசியைத் தாண்டியதும் உற்சாகமாக இழுப்பதுபோலத் தோன்றும். அது வெறும் பிரமையல்ல. 38 டிகிரி காற்றைவிட 25 டிகிரி காற்று சுமார் 4 சதவீதம் அடர்த்தியானது. ஆக்ஸிஜன் கூடினால், எரிக்கக்கூடிய பெட்ரோலும் கூடும். சாரலின் ஈரப்பதம் அந்த லாபத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம்!

ரேஸ் கார் டியூனிங்கின் அடிப்படையும் இந்தக் காற்று-பெட்ரோல் கணக்குதான்.

எது சரியான அளவு?

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்வதும் இந்த அளவில்தான். ஆனால், முழு வேகம் வேண்டுமென்றால் 12.5 முதல் 13 வரை காற்றைக் குறைப்பார்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரையும் குளிர்விக்கும். இதற்குப் பெயர் 'ரிச்'. அளவு மீறினால் கரும்புகை, கரி படிந்த ஸ்பார்க் பிளக், மைலேஜ் நஷ்டம்.

எதிர்ப்பக்கம் 'லீன்'. முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், இன்ஜின் 'நாக்கிங்' சத்தம் போடும், கடைசியில் பிஸ்டனே உருகி ஓட்டை விழலாம்.

கோவை காட்டிய வழி

தமிழகத்தில் இந்தக் கலைக்குத் தலைநகர் கோவை. அங்கே எஸ்.கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களை உருவாக்கினார். அதில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1-ல் கால் பதித்த முதல் இந்தியர் ஆனார். 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரில்தான் செட்டிபாளையம் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது.

கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக்குகள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தே நோய் சொல்வார்கள். இளம் பழுப்பு என்றால் நலம், கறுப்பு என்றால் ரிச், வெளுத்திருந்தால் லீன். பிறகு வந்தது லாம்ப்டா சென்சார். போஷ் தயாரித்த இது, 1976-ல் முதன்முதலாக வால்வோ காரில் ஏறியது. இப்போது சைலன்ஸர் பாதையில் அமர்ந்து, மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து, இசியு-வுக்குத் தகவல் தருகிறது.

எத்தனால் வந்த பின்...

எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு 13.5 அளவுக்குக் காற்று போதும். புதிய கார்களின் இசியு இதைத் தானே சரிசெய்துகொள்ளும். சென்சார் இல்லாத கார்புரேட்டர் வண்டி, பழைய செட்டிங்கிலேயே லீனாக ஓடும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் ஜெட் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரீமேப் செய்யலாமா?

'லேப்டாப்பை இணைத்தால் அரை மணி நேரத்தில் பவர் ஏற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், முதலில் இதைக் கேளுங்கள்: 'டைனோவில் ஏற்றி, வைட்பேண்ட் சென்சார் வைத்து அளந்து தருவீர்களா?' பதில் 'இல்லை' என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். அளக்காத டியூனிங், கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டுவதற்குச் சமம்.

சட்டமும் உண்டு. அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைத்தால், மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 182ஏ-யின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

வேக ஆசை இருப்பவர்களுக்கு ரேஸ் டிராக் இருக்கிறது. குற்றாலம் கிளம்புபவர்களுக்கு சுத்தமான ஏர் ஃபில்டரும், நல்ல பிளக்கும் போதும். மீதியைச் சாரல் பார்த்துக்கொள்ளும்!