திரும்பி வரும் பார்சல்: இணையச் சந்தையில் விற்கும் விவசாயிகள் கவனத்துக்கு

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நாட்டுச்சர்க்கரை மூட்டைகள் ஏலத்துக்கு வருகின்றன. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கும் இங்கிருந்து சர்க்கரை கொள்முதல் செய்யப்படுகிறது. வாங்குபவர் மூட்டையைப் பிரித்து நிறம் பார்க்கிறார். கையில் அள்ளிப் பதம் பார்க்கிறார். அதன் பிறகே விலை கேட்கிறார். ஏலம் முடிந்து எடை போட்டுவிட்டால் சரக்கு அவருடையது. ஒரு வாரம் கழித்து, "நிறம் பிடிக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அவர் வருவதில்லை.

அதே சர்க்கரையை ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டி இணையச் சந்தையில் விற்கும்போது நிலைமை வேறு. கொங்குப் பகுதியில் நாட்டுச்சர்க்கரை, செக்கு எண்ணெய், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் ஆகியவற்றை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தனி விவசாயிகளும் இவ்வழியில் விற்று வருகின்றனர். இடைத்தரகு குறைந்து நல்ல விலை கிடைப்பது உண்மை. ஆனால் இங்கே பார்சல் வீடு போய்ச் சேர்ந்தவுடன் விற்பனை முடிந்துவிடுவதில்லை. பணம் திருப்பக் கேட்பதற்கான கெடு கழிந்த பிறகே முடிகிறது. இந்த வேறுபாட்டை உணராமல் விலை வைப்பவர் நட்டப்பட நேரும்.

பணம் எவ்வாறு திரும்புகிறது?

வாங்குபவர் செலுத்தும் தொகை நேராக விவசாயிக்கு வருவதில்லை. சந்தை நடத்தும் நிறுவனம் அதைப் பெற்று, தரகு, அனுப்புகூலி முதலியவற்றைக் கழித்துக்கொண்டு, சில நாள் கழித்துக் கணக்கு தீர்க்கிறது. இதற்கிடையில் வாங்குபவர் ஒரு புகைப்படத்துடன் புகார் செய்தால், பணம் திருப்புவதா இல்லையா என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. திருப்பினால் அத்தொகை விவசாயியின் அடுத்த பட்டுவாடாவில் பிடிக்கப்படும். உணவுப் பொருளாயின் சரக்கைத் திரும்ப வாங்காமலே பணத்தைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்போது சரக்கும் பணமும் வாங்கியவரிடமே தங்கிவிடுகின்றன.

இதில் வாங்குவோரை மட்டும் குறை சொல்வது பொருந்தாது. சரக்கைத் தொட்டுப் பார்க்க முடியாத ஒருவர், முன்பின் அறியாத விவசாயியிடம் துணிந்து வாங்குவதே இந்த உத்தரவாதத்தை நம்பித்தான். புகார்களில் உண்மையான குறைகளும் உண்டு, சரக்கின் குணம் அறியாமல் எழுபவையும் உண்டு, பொய்யானவையும் உண்டு. மூன்றுக்கும் தனித்தனியே வழி தேட வேண்டும்.

ஒரு பார்சல் திரும்பினால்

கீழ்க்காணும் கணக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரையின் அடக்கம் ரூ.70, கட்டும் செலவு ரூ.15, அனுப்புகூலி ரூ.60, தரகு ரூ.20 என்று கொள்வோம். விற்பனை விலை ரூ.200 ஆனால் மிச்சம் ரூ.35.

இந்தப் பார்சல் திரும்பினால், தரகைத் திருப்பிக் கொடுத்தாலும், சரக்கு ரூ.70, கட்டும் செலவு ரூ.15, போகும் கூலி ரூ.60, வரும் கூலி ரூ.60 ஆக ரூ.205 நட்டம். பிரித்த உணவுப் பொட்டலத்தை வேறொருவருக்கு அனுப்பலாகாது. ஆகவே ஒரு பார்சல் திரும்பினால் ஏறத்தாழ ஆறு பார்சலின் இலாபம் போய்விடுகிறது.

நூறு பார்சலில் ஐந்து திரும்பினால் மிச்சம் ரூ.2,300. பத்து திரும்பினால் ரூ.1,100. பதினைந்து திரும்பினால் இலாபம் முழுவதும் கரைந்து ரூ.100 கைநட்டம். வாசலில் பணம் கொடுக்கும் முறையில் வாங்குபவர் பார்சலைப் பெற மறுத்தாலும் இரு வழிக் கூலி விற்பவர் தலையில் விழலாம். சேரும்போது ஒப்பந்தத்தில் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. சரக்கு குறையுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பவோ விற்பவர் மறுக்கக் கூடாது. சொன்ன தேதிக்குப் பின் வந்த சரக்குக்கும் இது பொருந்தும். வெள்ளம், புயல் போன்ற தவிர்க்க இயலாத தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

குறையில்லாத சரக்கை, மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திரும்பப் பெற வேண்டும் என்று இவ்விதிகள் சொல்லவில்லை. அது அந்தந்தச் சந்தை நிறுவனம் வகுத்துக்கொள்ளும் கொள்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பலாம். ஆயினும் விரைவில் கெடும் பொருள்களுக்கு அங்கும் விலக்கு உண்டு. எனவே நம் விவசாயிகள் தம் சரக்கு "திரும்பப் பெறத்தக்கது" என்ற பிரிவில் உள்ளதா, கெடு எத்தனை நாள் என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது அவசியம்.

சரக்கின் குணத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்

தவறில்லாத சரக்குக்கும் புகார் வருவதற்கு முக்கியக் காரணம், வாங்குபவருக்கு அதன் இயல்பு தெரியாததே.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். கோவை வெயிலில் தெளிவாக இருந்த எண்ணெய், மார்கழியில் டில்லி போய்ச் சேரும்போது வெண்மையாக இறுகியிருக்கும். கொழுப்பு கலந்துவிட்டார்கள் என்று வாங்கியவர் நினைப்பதில் வியப்பில்லை. "குளிரில் உறைவது இயற்கை, இளம் வெந்நீரில் பாட்டிலை வைத்தால் உருகும்" என்ற ஒரு வரியைச் சீட்டிலும் விளம்பரத்திலும் போட்டால் இப்புகாரைப் பெரிதும் தவிர்க்கலாம். செக்கு எண்ணெயின் அடியில் படியும் கசடு பற்றியும் இவ்வாறே எழுதலாம். அனுப்புமுன் நன்கு தெளிய வைத்து வடிகட்டுவது அதைவிட நல்லது.

நாட்டுச்சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். மழைக்காலத்தில் சாதாரணப் பையில் கட்டினால் கசிந்து கட்டியாகிவிடும். நன்கு உலர்த்தி, ஈரம் புகாத கனமான பையில் சூட்டு முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். ஹைட்ரோஸ் சேர்க்காத சர்க்கரை பழுப்பாகவே இருக்கும். படத்தில் வெளிச்சம் கூட்டிப் பொன்னிறமாகக் காட்டிவிட்டுப் பழுப்புச் சர்க்கரையை அனுப்பினால், "விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லை" என்ற புகாருக்குச் சட்டப்படியே இடம் கொடுத்தவர்கள் ஆவோம். மஞ்சள் தூளுக்கும் இது பொருந்தும். அனுப்பும் சரக்கையே பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுவது சிறந்தது.

எண்ணெய்ப் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாமல், வெப்பத்தில் விரிவதற்கு இடம் விட வேண்டும். மூடிக்கு அடியில் தகட்டு முத்திரை இருந்தால் ஒழுகாது. கறிவேப்பிலை, பழுத்த வாழை போன்றவற்றைத் தொலைதூரக் கூரியரில் அனுப்புவதைத் தவிர்க்கவும்.

சான்று இல்லாமல் வழக்கு இல்லை

பொய்ப் புகாருக்கு மறுமொழி சான்று ஒன்றே. பொட்டலத்தைத் தராசில் வைத்து எடை காட்டி, ஆர்டர் எண் ஒட்டி மூடும் வரை செல்பேசியில் இடைவெளியின்றிப் படம் பிடிக்கலாம். கிழித்தால் தெரியும் ஒட்டுநாடாவைப் பயன்படுத்தலாம். திரும்பி வந்த பார்சலையும் படம் பிடித்தபடியே பிரிக்க வேண்டும். உள்ளே வேறு பொருளோ எடைக் குறைவோ இருந்தால் அப்பொழுதே இழப்பீடு கோரிப் பதிவு செய்ய வேண்டும். இதற்கும் ஒவ்வொரு சந்தையிலும் கெடு உண்டு. கெடு தவறினால் நியாயம் இருந்தும் பணம் வராமல் போகும். கணக்கு முழுவதும் தீரும் வரை படங்களை அழிக்க வேண்டாம்.

ஒவ்வொரு பொட்டலத்திலும் நிகர எடை, கட்டிய தேதி, தொகுதி எண், பயன்படுத்தும் காலம், உணவுப் பாதுகாப்பு உரிம எண், விலாசம் ஆகியவை தெளிவாக இருக்கட்டும்.

கூட்டாக விற்கும்போது

உற்பத்தியாளர் நிறுவனத்தில் பலருடைய சரக்கு ஒன்றாகக் கலக்கிறது. பணம் திரும்பினால் நட்டம் யாருடையது என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்ளாவிட்டால் உறுப்பினரிடையே மனத்தாங்கல் வரும். தொகுதி எண் எந்த விவசாயியின் சரக்கைக் குறிக்கிறது என்பதற்குப் பேரேடு வேண்டும். தரக்குறைவால் வந்த நட்டம் சரக்குக்காரருக்கு, வழியில் உடைந்ததும் பொய்ப் புகாரும் பொது நிதிக்கு என்று தீர்மானம் நிறைவேற்றி, விற்பனையில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்குவது நன்று.

ஓ.என்.டி.சி. எனப்படும் திறந்தநிலை மின்வணிக வலையமைப்பு 2022 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. அதில் ஒவ்வொரு சரக்கும் திரும்பப் பெறத்தக்கதா, எத்தனை நாளுக்குள் என்பதை விற்பவர் தரப்பிலேயே குறிக்க வழி உள்ளது. குறையுள்ள சரக்குக்குச் சட்டப்படியான பொறுப்பு அங்கும் நீங்குவதில்லை.

புதிதாகத் தொடங்குவோர் விளைச்சலில் ஒரு சிறு பங்கை மட்டும் இணையத்தில் விற்று, மூன்று மாதம் கணக்கு வைத்துப் பார்க்கட்டும். எத்தனை பார்சல் போயின, எத்தனை திரும்பின, என்ன காரணம் என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும். காரணம் தெரிந்தால் கட்டும் முறையை மாற்றலாம், விலையைத் திருத்தலாம், நட்டம் தரும் சரக்கை நிறுத்தலாம். மீதிச் சரக்குக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கவே இருக்கிறது. திரும்பி வரும் பார்சலையும் அடக்கத்தில் சேர்த்து விலை வைக்கும் விவசாயியே இணையச் சந்தையில் நிலைத்து நின்று பயன்பெற முடியும்.