மாட்டு டாக்டர் என்ன உடுத்துகிறார்?

டாக்டர் என்றதும் வெள்ளைக் கோட்டு கண்ணில் தெரிகிறதா? அதை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். நாம் எட்டிப் பார்க்கப்போவது மாட்டு டாக்டரின் பைக் பெட்டியை! தொழுவத்தில் வெள்ளைத் துணிக்கு ஆயுசு, மாடு வாலைச் சுழற்றும் வரைதான்.

பெட்டியைத் திறந்ததும் கைக்கு வருவது கையுறை. அடேயப்பா, என்ன நீளம்! விரல் நுனியில் தொடங்கித் தோள்பட்டையில் முடிகிறது. பசு சினையா என்று பார்க்க, டாக்டர் ஆசனவாய் வழியே கையை விட்டு, குடல் சுவருக்கு அடியில் இருக்கும் கருப்பையைத் தடவிப் பார்ப்பார். கை எவ்வளவு தூரம் போகும் என்பதை உறையே சொல்லிவிடுகிறது. மாடும் சும்மா நிற்காது. முக்கும், சாணி கொட்டும். அதனால் முழுக்கைச் சட்டை இங்கே செல்லாது, அரைக்கைதான். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் வண்டியோடு சரி. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறை கிழியும். ஒரு மாட்டுக்குப் போட்ட உறை அடுத்த மாட்டுக்குக் கிடையாது.

சட்டைப் பையில் செல்போனா? குனிந்தால் அது எங்கே விழும் என்று நான் சொல்ல வேண்டாம். ஜிப் வைத்த பேன்ட் பைதான் பத்திரம். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், லேசில் காயாது. கன்றை இழுக்க மண்டி போடவும் இடம் கொடுக்காது. தொளதொள பருத்தி பேன்ட்டே ராஜா. நிறம்? சாணிப் பழுப்பு என்று துள்ளிக்கொண்டு சொல்லத் தோன்றும். ஆனால் கழுவ வேண்டிய அழுக்கும் அதில் மறைந்துவிடுமே! என் ஓட்டு வெளிர் நீலத்துக்கு.

அடுத்தது கம்பூட்ஸ். 400 கிலோ கலப்பினப் பசு காலை மிதித்தால் வெறும் ரப்பர் காப்பாற்றாது. அதன் அருமை வேறு: தேய்த்துக் கழுவலாம். கோமாரி வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவை சோடா கலந்து பூட்ஸைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த தொழுவம்.

பிரசவம் பார்க்கும் நாளில் கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பிளாஸ்டிக் ஏப்ரன். பனிக்குடம் உடைந்து நீர் பாயும்போது ஒதுங்க நேரம் இருக்காது. அழகா என்று கேட்காதீர்கள், தண்ணீர் ஊற்றினால் பளிச்சென்று ஆகிவிடும். அன்றைய உடுப்பு வீட்டுத் துணியோடு சேராது, தனி வாளி.

இவ்வளவு கெடுபிடியும் டாக்டருக்கு மட்டும்தானா? மாடு நஞ்சு போடவில்லை என்று வெறுங்கையால் இழுப்பவர்கள் இன்றும் உண்டு. கன்று வீசும் நோயான புருசெல்லோசிஸ் அந்த நஞ்சுக்கொடி வழியாக மனிதருக்கும் வரும். வாரக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் படுத்தும். மாடு வளர்ப்பவர்களே, டாக்டர் வருமுன் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்து வையுங்கள். உங்களுக்கும் ஒரு ஜோடி கையுறை வாங்கி வையுங்கள்.