வால்வு மூடியில் ஒயில் கசிவா? பலங்கொண்டு இறுக்காதீர்கள்!

பழைய காரொன்றை வைத்து வேலைக்குச் சென்றுவரும் எம்மவர் பலருக்கும் அந்த மணம் பழக்கமானது. குளிர்காலத்தில் கண்ணாடிகளை உயர்த்தி ஹீற்றரைப் போட்டதும் காருக்குள் வரும் கருகிய ஒயில் மணமே அது. எஞ்சின் போய்விட்டதென்று அஞ்சி, கிடைத்த விலைக்குக் காரைத் தள்ளிவிடுவோரும் உளர். பல வேளைகளில் எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு மூடியின் கஸ்கட் பழுதடைந்திருப்பதே இதற்குக் காரணமாகும்.

வால்வுகளை இயக்கும் பாகங்களின்மீது ஒயில் இடையறாது பாய்கின்றது. அது வெளியே வராமற் காப்பதே இம்மூடியின் பணி. மூடியின் கீழுள்ள றப்பர் கஸ்கட், ஆண்டுக்கணக்கான வெப்பத்தால் இறுகி நெகிழ்வை இழக்கின்றது. கசியும் ஒயில் கொதிக்கும் புகைக்குழாயில் வடிந்தால் புகை எழும். மிகுந்தால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. 1990களின் ரொயோட்டா கொறோலா போன்ற கார்களில் பிளக்குகள் மூடியின் நடுவேயுள்ள குழிகளில் அமைந்துள்ளன. அக்குழிகளின் றப்பர் வளையங்கள் பழுதானால் ஒயில் உள்ளே தேங்கி, எஞ்சின் தடுமாறத் தொடங்கும்.

நாமும் ஒருமுறை கசிவை நிறுத்த எண்ணி மூடியின் போல்ட்டுகளைப் பலங்கொண்டு இறுக்கினோம். மூடி வளைந்தது, கசிவு இரட்டிப்பாயிற்று. சில்லு நட்டுகளுக்கு 100 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்கம் தேவை. இம்மூடிக்கோ பல கார்களில் 10 அளவே போதுமானது. சரியான அளவைக் காரின் திருத்தக் கைநூலிற் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரைப் பயன்படுத்துவதே முறை.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, வயர்களுக்கு அடையாளமிடுங்கள். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். மூடி ஒட்டிக்கொண்டால் றப்பர்ச் சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். ஸ்குரூட்றைவரால் நெம்பினால் அலுமினிய விளிம்பு கீறுப்படும். இரு விளிம்புகளையும் துடைக்கும்போது எஞ்சினுள் அழுக்கு விழலாகாது. பின்னர் மூடியைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். வளைவோ வெடிப்போ இருந்தால், புதிய கஸ்கட் மாத்திரம் பயன்தராது. மூடியையும் மாற்ற வேண்டும். பிளாஸ்ரிக் மூடிகளில் இது அதிகம். பிளக் குழிகளின் வளையங்களையும் கூடவே மாற்றுங்கள். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இறுக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனத்திற் கொள்ளுங்கள். எஞ்சினுள் எழும் ஆவியை வெளியேற்றும் பீ.சீ.வீ. வால்வு அடைபட்டிருந்தால், உள்ளழுத்தம் கூடிப் புதிய கஸ்கட்டும் கசியக்கூடும். ஆகவே அதனையும் சோதித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு விளிம்புகளைச் சுற்றிப் பாருங்கள். கராஜில் கொடுத்துச் செய்விப்பவர்கள், மாற்றப்படுவது கஸ்கட்டா மூடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. அதுவரை வாரமொருமுறை ஒயில் அளவைப் பாருங்கள். கசிவு எஞ்சினைக் கொல்வதில்லை. ஒயில் வற்றியதை அறியாமல் ஓட்டுவதே கொல்கின்றது.