ஒரு பிளேட்டுக்கு ஒரே ஒரு படம்: சோவியத் 'ஃபோட்டோகோர்' மடிப்பு கேமராவை இன்று பயன்படுத்துவது எப்படி?

பேட்டரி கிடையாது. திரை கிடையாது. எடுத்த படம் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்ற பேச்சும் கிடையாது. மடித்தால் தடிமனான புத்தகம் மாதிரி இருக்கும். விரித்தால் ஆர்மோனியப் பெட்டி போல துருத்தி நீளும்.

சோவியத் ஒன்றியம் லட்சக்கணக்கில் தயாரித்த 'ஃபோட்டோகோர்-1' கேமராதான் இது. பழைய கேமரா சேகரிப்பவர்கள் இன்றும் இதை வாங்குகிறார்கள். அலமாரியில் அழகுக்கு வைக்க மட்டுமல்ல, படம் எடுக்கவும்தான்.

இது எப்படி வேலை செய்கிறது? எங்கே தவறினால் படம் போய்விடும்? பார்க்கலாம்.

எப்போது, எங்கே தயாரானது?

1930-ல் லெனின்கிராட் நகரில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், 'கோம்ஸ்' என்ற அரசு ஒளியியல் தொழிற்சாலையில் தயாரிப்பு தொடங்கியது. 'லோமோ' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நிறுவனத்தின் முன்னோடி இதுதான்.

ஜெர்மனியின் மடிப்பு கேமராக்களைப் பின்பற்றி இது வடிவமைக்கப்பட்டது. ஆரம்பத்தில் ஷட்டர்கூட ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. பிறகு கோம்ஸ் சொந்தமாகவே ஷட்டர் செய்யத் தொடங்கியது. 1941-ல் போர் வந்து தயாரிப்பு நிற்பதற்குள் 10 லட்சத்துக்கும் அதிகமான கேமராக்கள் வெளிவந்துவிட்டன.

'ஃபோட்டோகோர்' என்றால் புகைப்பட நிருபர் என்று பொருள். தொழிலாளர்களே பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதி அனுப்புவதை சோவியத் அரசு ஊக்குவித்த காலம் அது. அந்தச் சூழலில் வைத்த பெயர் இது.

இவ்வளவு பெரிய பிளேட் எதற்கு?

இதில் 9×12 சென்டிமீட்டர் கண்ணாடி பிளேட் போட வேண்டும். நமக்குத் தெரிந்த 35 எம்எம் ஃபிலிமின் ஒரு ஃபிரேமோடு ஒப்பிட்டால், பரப்பளவு பன்னிரண்டரை மடங்கு.

இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நெகட்டிவே இவ்வளவு பெரிதாக இருப்பதால், பிரின்ட் போட என்லார்ஜர் கருவி தேவையில்லை. போட்டோ பேப்பர் மீது நெகட்டிவை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, சில நொடி வெளிச்சம் காட்டினால் போதும், அதே அளவில் படம் வந்துவிடும். வீட்டில் ஒரு இருட்டறை இருந்தாலே வேலை முடிந்தது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் துருத்தி. இருட்டறைக்குப் போய், செல்போன் டார்ச்சைத் துருத்திக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் படம் கெட்டுவிடும். சின்ன ஓட்டை என்றால் கறுப்பு டேப் ஒட்டி அடைத்துவிடலாம்.

அடுத்தது ஷட்டர். 1/25 நொடியில் வைத்தாலும் மெதுவாக இழுத்துக்கொண்டு நிற்கிறதா? உள்ளே பழைய எண்ணெய் இறுகியிருக்கலாம். மேலும் எண்ணெய் விடாதீர்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்வதே நல்லது.

மூன்றாவது, பிளேட் ஹோல்டர். இது இல்லாத கேமரா வெறும் காட்சிப் பொருள்தான். பழைய ஹோல்டர்கள் கேமராவுக்கு கேமரா பொருந்தாமல் போவதும் உண்டு. அதனால் கேமராவோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

பிளேட்டுக்கு இப்போது எங்கே போவது?

கண்ணாடி பிளேட் கிடைப்பது கஷ்டம். அதற்குப் பதிலாக 9×12 அளவு ஷீட் ஃபிலிம் பயன்படுத்தலாம். ஆனால் ஃபிலிம் மெல்லியது. ஹோல்டரில் அப்படியே போட்டால் நிற்காது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய உலோக உறை வேண்டும்.

செலவு குறைவான வழி, கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர். அளவுக்கு வெட்டி ஹோல்டரில் போட்டால் அதுவே நெகட்டிவ். இதைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கையாளலாம். சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிம் அப்படியில்லை, அதற்கு முழு இருட்டு வேண்டும்.

படம் எடுப்பது எப்படி?

1. கேமராவின் முன்கதவைத் திறந்து, அது 'டக்' என்று நிற்கும்வரை இறக்குங்கள். லென்ஸ் தாங்கியின் அடியிலுள்ள பிடியைப் பிடித்துத் தண்டவாளத்தில் முன்னே இழுங்கள். லென்ஸைப் பிடித்து இழுக்கக் கூடாது.

2. ஸ்டாண்டில் பொருத்துங்கள். பழைய ஐரோப்பிய கேமராக்களின் திருகுத் துளை பெரும்பாலும் பெரியது. அடாப்டர் தேவைப்படலாம்.

3. ஷட்டரைத் திறந்தே நிற்கும் நிலையில் வைத்து, அப்பர்ச்சரை 4.5-க்குக் கொண்டுவாருங்கள். பின்னால் உள்ள மங்கல் கண்ணாடியில் காட்சி தலைகீழாக, இடம் வலம் மாறித் தெரியும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். தலைக்கு மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு, குமிழைத் திருகி ஃபோகஸ் செய்யுங்கள்.

4. இப்போது ஷட்டரை மூடுங்கள். அப்பர்ச்சரையும் வேகத்தையும் அமையுங்கள்.

5. மங்கல் கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் பிளேட் ஹோல்டரைச் செருகுங்கள். கேமரா அசையக் கூடாது.

6. ஹோல்டரின் மூடித் தகட்டை வெளியே இழுங்கள். ஷட்டரை அழுத்துங்கள். உடனே தகட்டை மறுபடி உள்ளே தள்ளுங்கள்.

7. எடுத்து முடித்த ஹோல்டரைத் தனியாக வையுங்கள்.

நான்காவது படியை மறந்தால்?

அவ்வளவுதான், படம் போச்சு! ஷட்டர் திறந்திருக்கும்போது மூடித் தகட்டை இழுத்தால், பிளேட் முழுக்க வெளிச்சம் பட்டுவிடும். இழுக்கவே மறந்துவிட்டால் பிளேட்டில் ஒன்றுமே பதியாது. எடுத்த ஹோல்டரையே மறுபடி செருகினால் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழும்.

பின்னாளில் வந்த பல கேமராக்கள் இப்படிப்பட்ட தவறுகளைத் தாங்களே தடுத்தன. ஃபோட்டோகோர் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. வரிசை தவறாமல் செய்வது உங்கள் பொறுப்பு. அதனால் முதலில் பிளேட் இல்லாமல் பத்து முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

வெளிச்சத்தை எப்படிக் கணக்கிடுவது?

கோம்ஸ் ஷட்டரில் வேகங்கள் மூன்றுதான்: 1/25, 1/50, 1/100 நொடி. இவை தவிர, நீண்ட நேரம் திறந்து வைக்கும் வசதி உண்டு.

100 ஐஎஸ்ஓ ஃபிலிம் என்றால், நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, வேகம் 1/100. போட்டோ பேப்பரின் ஒளி உணர்திறன் மிகக் குறைவு. 6 ஐஎஸ்ஓ என்று வைத்துக்கொண்டால், அதே வெயிலில் அப்பர்ச்சர் 8, வேகம் 1/25-ல் தொடங்கலாம். முதல் படத்தைப் பார்த்துவிட்டு ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

எடுத்த படத்தை செல்போனில் பார்க்க முடியுமா?

தாராளமாக. பேப்பரை டெவலப்பர், ஃபிக்ஸர் இரண்டிலும் முறைப்படி போட்டு, கழுவி, காய வையுங்கள். கையுறை அவசியம். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம். காய்ந்த பேப்பரை செல்போனில் படமெடுத்து, எடிட்டிங் ஆப்பில் நிறங்களைத் தலைகீழாக்குங்கள். பிறகு இடம் வலமாகத் திருப்புங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும்.

கடைசியாக ஒன்று. கேமராவை மடிக்கும் முன் லென்ஸ் தாங்கியை முழுவதுமாக உள்ளே தள்ளிவிடுங்கள். பாதியில் நிற்கும்போது கதவை அழுத்தி மூடினால் துருத்தி கிழியும், தாங்கி வளையும். இத்தனை ஆண்டுகள் தாங்கிய கேமரா அந்த ஒரு அவசரத்தில் கெட்டுப்போகும்.