ஆற்றுக்கும் ஒரு காலண்டர் உண்டு!

"மீன் பிடிக்கப் போறதுக்கு எதுக்கும்மா பஞ்சாங்கம்?" என்று என் கணவர் முன்பெல்லாம் கேலி செய்வார். இப்போது தேதி குறிக்க என்னிடம்தான் வருகிறார். நடுவில் நடந்ததைத் தோழிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கடிதம்.

இவருக்கு வேலை மாற்றலாகி, 2017-லிருந்து ஐந்து வருடம் இமாசலப் பிரதேசத்தில் குலு பக்கம் குடியிருந்தோம். அங்கே தீர்த்தன் என்று ஓர் ஆறு. பனிமலையில் பிறந்து, லார்ஜி அருகே பியாஸ் நதியில் கலக்கிறது. அதில் ட்ரவுட் என்கிற மீன் உண்டு. குளிர்ந்த தண்ணீரில்தான் உயிர் வாழும். வெள்ளைக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்னால் முட்டையாகக் கொண்டுவந்து வளர்த்தது. நம்ம நீலகிரியில்கூட அவலாஞ்சியில் 1907-ல் இதற்காகக் குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள்.

இதைப் பிடிக்கிற விதமே வேறு. புழு கோர்ப்பதில்லை. தூண்டில் முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்கிறார்கள். 'ஃப்ளை' என்று பெயர். நிஜப் பூச்சி வந்து உட்கார்ந்த மாதிரி அதைத் தண்ணீரில் மெதுவாக இறக்க வேண்டும். கூட வேலை பார்த்தவர் சொல்லிக் கொடுக்க, இவருக்கு அது பைத்தியமாகவே பிடித்துவிட்டது.

2018 மே விடுமுறைக்கு என் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். ஜூன் முதல் வாரம் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு எல்லோருமாகத் தீர்த்தனுக்குக் கிளம்பினோம். பிள்ளைகளுக்கு லீவு, அதனால் போகிறோம். அவ்வளவுதான் எங்கள் திட்டம்!

காலையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிய இடம், மத்தியானம் மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் ஒரு சொட்டு மழை இல்லை. கல் மேல் நின்ற என் ஏழு வயது மகன் வழுக்கி விழுந்தான். இவர் பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். ஒரு செருப்பு போனதோடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அவன் ஆற்றங்கரைப் பக்கமே வரமாட்டான். பஸ் பாலத்தைத் தாண்டும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

தூண்டிலைப் பரண்மேல் போட்டேன். "இனி இந்த வீட்டில் மீன் பேச்சே கூடாதுங்க" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாஜிதான் என்னை உட்கார வைத்து, "ஆற்றைத் திட்டாதே மகளே. ஜூனில் பகல் வெயிலுக்கு மேலே பனி உருகும். அந்தத் தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் கீழே வந்து சேரும். எங்க ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி எல்லாம் காலண்டரில் குறிக்கிறவள் நான். பிள்ளையை அழைத்துப் போகிற இடத்தைப் பற்றி யாரையும் கேட்கவில்லையே! அன்றிலிருந்து ஆற்றின் நிறத்தையும் காலண்டரில் குறித்து வைத்தேன். ஒரு வருடத்தில் புரிந்தது இது:

மார்ச், ஏப்ரல்: மார்ச் 1-ல் மீன்பிடிப்பு தொடங்கும். தண்ணீர் குறைவு, தெளிவு, ஐஸ் மாதிரி குளிர். வெயில் ஏறிய பிறகு போனால் போதும். மீன் அடியிலேயே கிடப்பதால், மூழ்குகிற ஃப்ளைதான் வேண்டும்.

மே பாதி முதல் ஜூன்: பனி உருகித் தண்ணீர் கலங்கி வரும். மீனுக்கும் ஃப்ளை தெரியாது, நமக்கும் ஆழம் தெரியாது. பியாஸ் போல அணை உள்ள ஆறானால் இன்னும் ஆபத்து. 2014 ஜூன் 8-ல் அணையில் திறந்துவிட்ட தண்ணீர், பியாஸில் நின்றிருந்த 24 கல்லூரி மாணவ மாணவிகளைக் கொண்டுபோனது. அவர்கள் வீட்டிலும் எங்களைப் போலத்தானே சந்தோஷமாக வழியனுப்பியிருப்பார்கள்!

ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை: மழை, மண்சரிவு. போகவே வேண்டாம். 2023 ஜூலையில் குலு, மணாலியில் வந்த வெள்ளத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர்: மழை விட்டு ஆறு கண்ணாடியாகிவிடும். மிதக்கிற ஃப்ளைக்கு மீன் மேலே வரும். இதுதான் நல்ல சமயம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை: தூண்டில் போடத் தடை. மீன் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும் காலம். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிற மரியாதை அதற்கும் வேண்டாமா?

அந்தக் குளிர்மாதங்களில்தான் நான் ஃப்ளை கட்டப் பழகினேன். எம்ப்ராய்டரி நூலும் சேவல் கழுத்து இறகும் போதும். பூத்தையல் போட்ட கைக்கு இது பெரிய வேலையா என்ன?

2022-ல் திருச்சிக்கு வந்துவிட்டோம். 2024-ல் இவர் பழையபடி, "மே லீவில் ஒரு தடவை போய்ட்டு வரலாமா?" என்றார். காலண்டரைக் காட்டினேன். காலாண்டுத் தேர்வு விடுமுறைதான் ஆற்றுக்கும் சரி, பிள்ளைக்கும் சரி! டில்லிவரை ரயில், அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் ஔட், பிறகு பஞ்சார் வழியாகக் குஷைனி. போக வர ஐந்து நாள் வழியிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டு, ஆற்றுக்கு மூன்று நாள் ஒதுக்கினேன். மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கினோம். அது இல்லாமல் தூண்டில் போடக் கூடாது.

பதின்மூன்று வயது மகன் முதல் நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்தான். நான் வற்புறுத்தவில்லை. இரண்டாம் நாள் நானே புடவையை மாற்றி சுடிதாரில், கணுக்கால் தண்ணீரில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில், "அம்மா, வழுக்கும், கையைப் பிடிச்சுக்கோ" என்று பக்கத்தில் ஒரு குரல்! தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துத்தான் மீன் நிற்கும், அதனால் பின்பக்கமாகப் போக வேண்டும் என்று அவன் அப்பா சொல்லிக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் நான் கட்டிய ஃப்ளையில் ஒரு பழுப்பு ட்ரவுட் மாட்டியது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. கையை நனைத்துக்கொண்டு பிடித்தான். உலர்ந்த கை பட்டால் அதன் மேல் உள்ள வழவழப்பு போய்விடும். முள்ளை எடுத்து அவனே தண்ணீரில் விட்டான்.

திரும்பும்போது பஸ் பாலத்தில் ஏறியது. நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடவில்லை. ஜன்னல் வழியாக எட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

தோழிகளே, ஆறோ அருவியோ கடலோ, எங்கே கிளம்பினாலும் பிள்ளைகளின் லீவை மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீரின் காலத்தையும் அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாப்பாடு கட்டுகிற நாமே தேதியையும் குறித்தால் என்ன தப்பு?

— ஒரு வாசகி, திருச்சி