பெட்டியில் வாங்கினால் ஏன் விலை கூடுதல்?

"அண்ணே, லேப்டாப்போடயே வர்ற விண்டோஸைத் தனியா வாங்கினா ஏன் இவ்வளவு விலை?" கணினி பழுதுபார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி.

லேப்டாப் நிறுவனம் உரிமங்களை மொத்தமாக வாங்குகிறது. அட்டைப்பெட்டிச் செலவு, விநியோகஸ்தர் பங்கு, கடை லாபம் எதுவும் அதில் ஏறாது. சந்தேகம் வந்தால் பதில் சொல்வதும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு.

ஆனால் அந்த உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், உரிம எண்ணே போர்டிலுள்ள சிப்பில் பதிந்து வருகிறது.

போன மாதம் ஒரு மாணவியின் லேப்டாப்பைத் திறந்தேன். காபி கொட்டி, போர்டெல்லாம் பச்சை பூத்திருந்தது. அசெம்பிள் செய்த புதுக் கணினிக்கு அந்த விண்டோஸை மாற்றித் தரச் சொன்னாள். வழியில்லை; எனக்கே மனசு கேட்கவில்லை.

பெட்டியில் வாங்கியதென்றால் பழையதில் நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். என் கடைக் கணினிக்கு இது மூன்றாவது போர்டு; உரிமம் அதேதான்.