மாலியில் பிரமதண்டுக் கஷாயம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் தென்பகுதி, ஷியா மரங்கள் ஆங்காங்கே நிற்கும் பரந்த புல்வெளி. மழை பிடித்தால் மலேரியாவும் பிடித்துக்கொள்ளும். சுகாதார நிலையம் தொலைவில் உள்ள ஊர்களில், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் மூலிகைக் கஷாயம்தான்.

சிக்காசோ, பண்டியகரா வட்டாரங்களில் மலேரியாவுக்கென்று 60-க்கும் மேற்பட்ட செடிகள் புழக்கத்தில் இருந்தன. எது உண்மையிலேயே கேட்கிறது? மூலிகை ஆய்வுகள் வழக்கமாகச் செடியின் சாற்றைச் சோதனைக் குழாயில் இடுவதில் தொடங்கும். ஆனால் மாலியின் பாரம்பரிய மருத்துவத் துறையும் ஐரோப்பிய ஆய்வாளர்களும் சேர்ந்து நோயாளியிடமிருந்து தொடங்கினார்கள். யாருக்குக் காய்ச்சல் வந்தது, என்ன கொடுத்தீர்கள், பிறகு எப்படி இருந்தது என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஊராரின் அனுபவத்தையே தரவாக மதித்த அருமையான முறை இது. அதில் முன்னுக்கு வந்த செடி பிரமதண்டு.

சாம்பல் பூத்த முள்ளிலை, மஞ்சள் பூ, கிள்ளினால் கசியும் மஞ்சள் பால் என இருக்கும் இச்செடி தமிழகத் தரிசுகளிலும் சாதாரணமாகக் காணப்படுவது. பூர்வீகம் மெக்சிகோ. வெளியிலிருந்து வந்த களையையும் சோதித்துத் தம் மருந்தாக்கிக்கொண்டவர்கள் மாலி வைத்தியர்கள்.

மிசிடுகு என்ற ஊரில் வைத்தியர் முறைப்படி காய்ச்சிய கஷாயத்தைக் கொடுத்து அளவு சோதிக்கப்பட்டது. நாளுக்கு ஒருவேளை போதவில்லை; இருவேளையாக ஒரு வாரம் குடித்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறினார்கள். அடுத்து, சுமார் 300 பேரிடம் கஷாயமும் மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் கூட்டு மாத்திரையும் ஒப்பிடப்பட்டன. 2010-இல் வெளியான முடிவின்படி, 28 நாட்களில் வேறு மருந்து தேவைப்படாதவர்கள் கஷாயப் பிரிவில் 89 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 95 சதவீதம். கஷாயம் ஒட்டுண்ணியைக் குறைத்ததே தவிர, பலருக்கு முழுதாக ஒழிக்கவில்லை. ஆகவே மாத்திரைக்கு மாற்றாக இதைக் கொள்ள முடியாது; மாத்திரை எட்டாத இடத்தில் முதலுதவியாகக் கொள்ளலாம்.

பிரமதண்டு விதையில் சாங்குவினரின் என்ற நஞ்சு உண்டு. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த விதையெண்ணெய் கலந்ததால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாலியில் சோதிக்கப்பட்டது குறிப்பிட்ட பாகம், குறிப்பிட்ட பக்குவம், குறிப்பிட்ட அளவு. சாலையோரத்தில் கண்ட செடியைப் பறித்து வீட்டில் யாரும் கஷாயம் வைக்க வேண்டாம். காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.